அரிசி மூட்டைக்குப் பதிலாக

கடலூர் கடலோரம்,
12 அக்டோபர் 2004

அன்புள்ள மச்சான் சுப்புராயனுக்கு,

மாமா வைத்திலிங்கம் எழுதுவது. நான் சுகம். கொஞ்சம் அளவுக்கு மீறின சுகம், அதுதான் இப்போது பிரச்சினை. உன் சுகமும் உன் அக்கா தில்லையின் முழங்கால் சுகமும் தெரிந்துகொள்ள ஆசை.

முதலில் உனக்குப் பாராட்டு. சிதம்பரத்தில் தராசு ரிப்பேர் பண்ணுகிறவன் செய்த மெஷின் ஓர் ஆளை 2012-லிருந்து எட்டு வருஷம் பின்னால் தள்ளும் என்று முந்தாநாள் வரை நானே நம்பவில்லை. நீ சொன்னபடியே நடந்தது. உன் பெரிய தட்டில் அறுபத்திரண்டு கிலோ நான். இந்த வீட்டு சாமான் அறை மூலையில் அறுபத்திரண்டு கிலோ அரிசி மூட்டை. நீ சுவிட்சைப் போட்டதும் அது அங்கே, நான் இங்கே.

என் தொழில் நாணயம் உனக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் ஒரு பூட்டை உடைத்ததில்லை. கலைத்ததை அடுக்கிவைத்து, மன்னிப்புக் கடிதமும் எழுதிவைத்துவிட்டு வருகிறவன். காட்டுமன்னார்கோயிலில் ஒரு வாத்தியார் என் கடிதத்தைக் காட்டித் தன் பையனை அடித்தாராம், "திருடன் கையெழுத்தைப் பார்றா!" என்று. அந்த மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதென்றுதான் இந்த வீட்டைப் பிடித்தோம். டிசம்பர் இருபத்தாறு காலையில் கடல் வந்து இந்தத் தெருவையே எடுத்துக்கொள்ளப் போகிறது. கடலுக்குப் போகிற இந்த வீட்டுக் காசுமாலையை இரண்டு மாதம் முன்னால் நான் எடுத்தால் யாருக்கு நஷ்டம்? உன் கடையில் டீ குடித்துக்கொண்டு இப்படித்தான் பேசினோம். இந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்பது மட்டும் பேச்சில் வரவே இல்லை.

ஆளின் பெயர் ஆரோக்கியம்மாள். ஐம்பத்தைந்து வயது, விதவை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நான் வந்து விழுந்த சத்தத்தில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாருப்பா அது? சேத்தியாத்தோப்பு சின்னையன் மவனா?"

"ஆமாங்க."

"அரிசி மூட்டய எங்க காணோம்?"

"பூச்சி உழுந்துதுங்க. மில்லுக்கு அனுப்பியிருக்கேன்."

"நல்ல புள்ள. உக்காரு, சாப்புடு."

எண்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிற கை. ஒருத்தனுக்கு அளவாகப் போடத் தெரியாது. மீன் குழம்பு, மச்சான். அரை மணியில் அதே மூலையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியவன், ஒரு கிலோ ஏறிப் போய் உட்கார்ந்தேன். நீ சுவிட்சைப் போட்டிருப்பாய். எடை ஒத்துவராமல் நான் நகரவே இல்லை.

இந்த இன்லேண்டு லெட்டரை சாமான் அறை அலமாரியில் வைக்கிறேன். கிளம்பும்போது பேசிவைத்தபடி நீ அங்கே ஒரு வெற்று இன்லேண்டை வைத்துச் சின்னத் தட்டை ஓட்டுவாய். எடைக்கு எடை மாறிக்கொள்ளும். நான் இரண்டு நாள் பட்டினி கிடந்து எடையைச் சரிசெய்துவிடுகிறேன். மூட்டை மட்டும் பத்திரம்.

அன்புடன் உன் மாமா,
வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
20 அக்டோபர் 2012

மாமா அவர்களுக்கு சுப்புராயன் வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் கரண்ட் கட். இருக்கிற நேரத்திலும் வோல்டேஜ் இல்லை. அக்காவுக்கு முழங்கால் பரவாயில்லை. நீங்கள் பெங்களூர் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மூட்டை விஷயம். போன பதின்மூன்றாம் தேதி புரட்டாசி கடைசி சனிக்கிழமை. நான் கடையில் இல்லாத நேரம் அக்கா வந்து பார்த்திருக்கிறாள். காட்டுமன்னார்கோயில் நிலத்திலிருந்து நம் பங்கு அரிசி வந்துவிட்டது என்று நினைத்து, நாலு கிலோ அளந்து பெருமாளுக்குத் தளிகை போட்டு, தெருவுக்கே கொடுத்துவிட்டாள். புளியோதரை நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன். அப்போது எனக்குத் தெரியாது.

வேறு அரிசி கலந்து பார்த்தேன். முள் நிற்க மறுக்கிறது. எந்த மூட்டை வந்ததோ அந்த மூட்டை போனால்தான் அந்த மூலையில் இருப்பது இங்கே வரும். மெஷினுக்கு மூட்டையைத் தெரியும். ஆளைத் தெரியாது. இப்போது மூட்டை ஐம்பத்தெட்டு கிலோ. ஆகவே நீங்களும் ஐம்பத்தெட்டாக வேண்டும். பெரிய தட்டின் கம்பிச்சுருள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும். அவசரப்படாமல் இளைக்கவும்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
சுப்புராயன்

---

கடலூர்,
29 அக்டோபர் 2004

அன்புள்ள மச்சான்,

நலம் கேட்டு எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் திரும்பி வருகிற வழியை நெய் விட்டுத் தாளித்துத் தெருவுக்கு விநியோகம் பண்ணிவிட்டு நலம் கேட்பதற்குத் தனி மனசு வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் எடைச் சீட்டு வரும் மெஷின் இருக்கிறதே, வாரம் ஒருமுறை அதில் ஏறுகிறேன். இன்று அறுபத்து நாலு. சீட்டின் பின்பக்கம் "உங்கள் வளர்ச்சியைக் கண்டு ஊர் வியக்கும்" என்று ஜோசியம். இறங்கி அந்த மெஷினை ஓர் உதை விட்டேன். முப்பது வருஷத் தொழிலில் இதுதான் என் முதல் வன்முறை.

என்ன செய்வேன்? காலையில் இட்லி, பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது முட்டை, சாயங்காலம் சுண்டல். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. "ஏம்ப்பா, எங்க ஊட்டு உப்பு கரிக்குதா?" என்கிறாள். ஒரு நாள் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். அதற்கென்று தனியாக ஒரு ரசம் வைத்தாள், கூட அப்பளம்.

காசுமாலையைப் பார்த்தேன். இரும்புப் பெட்டியில் பழைய புடவையில் சுற்றி இருந்தது. பெட்டிக்குப் பூட்டே இல்லை. கழுத்தில் போட்டுப் பார்த்தேன், எடை ஏறுகிறது என்று கழற்றி, புடவையை மடிப்புக் கலையாமல் சுற்றி வைத்துவிட்டேன். எடைக்காகத்தான் வைத்தேன். நீ வேறு காரணம் எதுவும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டேன். நாய்கள் துணைக்கு ஓடிவருகின்றன.

உன் கனத்த மாமா,
வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
15 நவம்பர் 2012

மாமா அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி போனது. அக்கா அதிரசம் செய்யவில்லை. நீங்கள் பெங்களூரில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கடிதங்களைக் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தது என் தவறு. இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

போன வாரம் ஒரு வேலையாகக் கடலூர் போய் வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

தயவுசெய்து இளைக்கவும். இதற்கு மேல் எழுத கரண்ட் இல்லை.

சுப்புராயன்

---

கடலூர்,
24 நவம்பர் 2004

அன்புள்ள மச்சான்,

உனக்கும் தில்லைக்கும் என் அன்பு. கடிதம் எழுதக் கரண்ட் எதற்கடா? பேனாவை பிளக்கில் சொருகியா எழுதுகிறாய்?

நல்ல செய்தி, அறுபது கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆரோக்கியம்மாள் போடுகிற சோற்றில் பாதியை மைதானத்து நாய்களுக்குக் கொண்டுபோகிறேன். நான் பலசாலி ஆவதாக நினைத்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்சம் போடுகிறாள். நாய்கள் நல்ல நிலையில் இருக்கின்றன.

தில்லை கவலைப்பட வேண்டாம் என்று சொல். ராத்திரி படுத்து யோசித்ததில் ஓர் அருமையான வழி தோன்றியது. மெஷினில் வர முடியாவிட்டால்தான் என்ன? காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு வருஷம் யோக்கியனாக இருந்து, எல்லோரையும் போல 2012-க்கு நடந்தே வந்துவிடுகிறேன். இங்கே 2004-ல் இருக்கிற வைத்திலிங்கம் கண்ணில் மட்டும் படக்கூடாது. அந்தப் பயல் என் சட்டையைத் திருடுவான். நான் உன் தட்டில் ஏறிப் போன மறுநாள் வாசலில் வந்து நின்றால் ஆயிற்று.

அட, அப்படியென்றால் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே! வந்தேனா மச்சான்? தலை முழுக்க நரைத்துவிட்டதா? தில்லை என்ன சொன்னாள்? உடனே எழுது. இதைக் கேட்காமல் இத்தனை நாள் வீணாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆவலுடன்,
வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
4 டிசம்பர் 2012

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இங்கே மழை பரவாயில்லை. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. சின்னத் தட்டை ஸ்கூட்டர் பேட்டரியில் ஓட்டுகிறேன். பெரிய தட்டுக்கு அது போதாது. இந்த மாதக் கடைசிக்குள் சரியாகிவிடும் என்கிறார் லைன்மேன். அவர் பெயர் கண்ணாயிரம், நல்ல மனிதர்.

காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்கள். எப்படியாவது ஐம்பத்தெட்டுக்கு வந்துவிடவும்.

சுப்புராயன்

---

கடலூர்,
8 டிசம்பர் 2004

மச்சான்,

லைன்மேன் பெயர் நான் கேட்கவில்லை. நான் கேட்டதற்குப் பதில் எழுது.

வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
12 டிசம்பர் 2012

என் வீட்டுக்காரருக்கு தில்லை எழுதுவது. வயிற்றைக் காயப்போடுகிறீர்களே, தலை சுற்றாமல் இருக்கிறதா?

சுப்புராயன் நாலு இன்லேண்டு எழுதிக் கிழித்துவிட்டான். அதனால் நான் எழுதுகிறேன். நீங்கள் வாசலுக்கு வரவில்லை. போன மாதம் முழுக்க கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். பால்காரர், கேஸ் சிலிண்டர், கோயில் நன்கொடை. நடந்தே வந்திருந்தால் எட்டு வருஷத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்திருக்க மாட்டீர்களா? நீங்கள் அவ்வளவு சோம்பேறி இல்லை.

இன்னொன்றையும் அவன் மறைத்தான். அந்தத் தெரு முனையில் செத்தவர்கள் பேர் போட்டு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் கடலூர் போனான். அதில் ஆரோக்கியம்மாள் பேர் இல்லை. கடைசி வரியில் "பேர் தெரியாத ஆண் ஒருவர்" என்று இருக்கிறது.

அது யாராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் மெஷினில்தான் வர வேண்டும். வேறு வழியில் வரவில்லை. மூட்டையில் கைவைத்தவள் நான்தான். வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சாப்பிடாதீர்கள் என்று நானே எழுதும்படி ஆயிற்று.

தில்லை

---

கடலூர்,
22 டிசம்பர் 2004

அன்புள்ள தில்லைக்கும் மச்சானுக்கும்,

தலை சுற்றவில்லை தில்லை. சுற்றினாலும் ஓடுவதால் தெரிவதில்லை. ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டேன். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேர் தெரியாதவன் என்று போட்டது நியாயம்தான். முப்பது வருஷமாக யாருக்கும் பேர் தெரியாமல் இருக்கத்தானே அரும்பாடு பட்டேன்.

எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நேற்று ஒரு பெரிய ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை காலைல கடல் ஊருக்குள்ள வரும் சார், கரையோரத்து ஜனங்கள அப்புறப்படுத்துங்க."

அங்கே இருந்தவர் மரியாதையானவர், நாற்காலி போட்டார். "தகவல் எங்கேருந்து?"

"எனக்குத் தெரியும் சார்."

"மனுவா எழுதிக் குடுங்க. மனு வாங்குறது திங்கக்கிழமைதான். வர்ற திங்கள் வாங்க, இருபத்தேழு."

ஆரோக்கியம்மாளிடமும் சொன்னேன். கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"கடலு வருமா? முப்பது வருஷமா பாக்கறேன், எங்க ஊட்டுக்காரரு படகயே தின்னுட்டு அங்கியேதான் கெடக்குது. பண்டிகையும் அதுவுமா எங்கப்பா போகச் சொல்ற?"

"சேத்தியாத்தோப்புக்கு. எங்க அப்பா உங்கள வரச் சொன்னாரு."

"நீ பட்டினி கெடந்து பெனாத்துற. இந்தா, இத நக்கிப் பாரு, இனிப்பு பத்துமா சொல்லு."

நக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. தெருவில் இருக்கிற மற்ற வீடுகளிலும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தார்கள்.

வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
24 டிசம்பர் 2012

மாமா அவர்களுக்கு,

அக்காவும் நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி காலை ஆறு மணிக்குக் கரண்ட் வரும், ஆறே முக்காலுக்குப் போய்விடும் என்று கண்ணாயிரம் உறுதியாகச் சொல்கிறார். ஆறரைக்குச் சரியாகச் சுவிட்சைப் போடுவேன். கடல் வர அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீங்கள் மூலையில் உட்கார்ந்திருந்தால் போதும். காசுமாலை வேண்டாம். வேட்டிகூட வேண்டாம், நான் இங்கே வைத்திருக்கிறேன்.

எட்டு வருஷம் பின்னால் போக வழி கண்டுபிடித்தவனுக்கு நாலு கிலோவை ஈடுகட்ட வழி தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள். வந்துவிடுங்கள் மாமா.

சுப்புராயன்

---

கடலூர்,
26 டிசம்பர் 2004, காலை ஆறே கால்

அன்புள்ள தில்லை,

இதைக் கொண்டுவருகிறவளை முதலில் உட்காரவை. பயந்துபோயிருப்பாள்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் ஏறி நின்றேன். சரியாக ஐம்பத்தெட்டு. மச்சானிடம் சொல், அவன் மாமா சாதித்துவிட்டான். சந்தோஷத்தில், பின்னால் நின்றிருந்த ஆரோக்கியம்மாளையும் ஒரு பேச்சுக்கு ஏறச் சொன்னேன். பண்டிகைப் புடவை, செருப்பு எல்லாம் சேர்த்து அவளும் ஐம்பத்தெட்டு.

வீடு வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். கல்லில் அவள் பேர் இல்லை என்று எழுதினவள் நீ. மெஷினுக்கு ஆளைத் தெரியாது என்று எழுதினவன் உன் தம்பி. மீதியை நான் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

இன்று விடியும் முன்பே உண்மையைச் சொன்னேன். "அம்மா, நான் சின்னையன் மவன் இல்ல. திருடன். உங்க காசுமாலைய எடுக்க வந்தவன்."

அவள் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே சொன்னாள். "தெரியும்ப்பா. சின்னையனுக்கு ஏது புள்ள? ரெண்டும் பொண்ணு."

"அப்புறம் ஏன் சோறு போட்டீங்க?"

"சாமான் ரூம்ல முழிச்சிக்கினு நின்ன பாரு, பசிச்ச புள்ள மாதிரி இருந்துது. அப்புறம் கேக்கலாம்னு வுட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

கடல், மெஷின், மூட்டை எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை நம்பவில்லை. ஏழரை மணிப் பூசைக்குப் போக வேண்டும் என்கிறாள். கடைசியில் காலில் விழுந்தேன். "உங்க சாமான் ரூம் மூலைல ரெண்டு நிமிஷம் நின்னா போதும்மா."

"நிக்கிறேன். நீ ஒக்காந்து சாப்புடு. ரெண்டு மாசமா நாய்க்குக் கொண்டுபோறத நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

சாப்பிட்டுவிட்டேன் தில்லை. ஆறு இட்லி, கறிக்குழம்பு. இப்போது நான் ஐம்பத்தொன்பது இருப்பேன். இனி மனசு மாறினாலும் பிரயோஜனம் இல்லை, அதற்காகத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். ருசிக்காகவும்தான்.

என்னைவிட அவள் பெரிதா என்று கேட்பாய். பஸ்ஸில்கூட பெண்களுக்கு எழுந்து இடம் கொடுக்காதவன் நான். அது உனக்கே தெரியும்.

ஆறரை ஆகப்போகிறது. அவள் மூலையில் நின்று "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?" என்கிறாள். இது முடிந்ததும் தெருவில் பத்தொன்பது வீட்டுக் கதவையும் தட்டப்போகிறேன். யாராவது ஒருவராவது எழுந்து மேட்டுப் பக்கம் ஓடமாட்டார்களா? கல்லில் எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை, நல்லதாயிற்று.

அவளுக்குச் சாப்பாடு போடு. எனக்குப் போட்ட மும்முரத்தில் அவள் இன்னும் சாப்பிடவில்லை.

வைத்திலிங்கம்

---

சிதம்பரம்,
29 டிசம்பர் 2012

மாமா அவர்களுக்கு,

நாங்கள் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அந்த அம்மா வந்து சேர்ந்தார்கள். முதலில் எங்களைத் திட்டினார்கள், பிறகு அழுதார்கள். காலண்டரைக் காட்டியும் நம்பவில்லை. நேற்று கடலூர் கூட்டிப்போனேன். கல்லில் இருந்த முப்பத்தோரு பேரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்கள். எல்லோரையும் அவர்களுக்குத் தெரியும். கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கல்லில் ஒரு பேரும் குறையவில்லை மாமா. அவர்கள் நீங்கள் கதவைத் தட்டியும் எழுந்திருக்காதவர்களா, அல்லது நீங்கள் தட்டியதால் எழுந்து பிழைத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

அக்கா சமைக்கிறாள். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

முந்தாநாள் உங்களுக்கு ஓர் இன்லேண்டு எழுதிச் சின்னத் தட்டில் வைத்து ஓட்டினேன். கடிதம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அங்கிருந்து ஒரு சிட்டிகை ஈர மணல் வந்தது. எடை சரியாக இருந்தது.

இதையும் வைக்கிறேன்.

பணிவுடன்,
சுப்புராயன்